வாகன ஏசியில் ஈர மணமா? மறைக்க வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள்

கடந்த மாரியில் அம்மாவை முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்கிற்குக் கூட்டிச் செல்ல ஒரு வானை ஹயருக்குப் பிடித்திருந்தோம். மழை என்பதால் கண்ணாடிகளைப் பூட்டிவிட்டுச் சாரதி ஏசியைப் போட்டார். அடுத்த நிமிடமே காயாத சாக்கின் மணம். அவர் சங்கடத்துடன் வாசனைப் போத்தலைத் திறந்து வைத்தார். அம்மாவுக்குத் தொய்வு இருக்கிறது. அந்த வாசனையோடு இருமல் இன்னும் கூடியது. பரந்தன் வரை கண்ணாடியைத் திறந்து, நனைந்தபடியே போனோம்.

"கராஜில ஏசியையே மாத்த வேணும் எண்டு சொல்லினம். லீசிங் காசே கட்ட ஏலாமல் இருக்கிறன், தம்பி" என்றார் அவர்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. வரியோடு சேர்ந்த விலை எம்மில் பலருக்கு எட்டாதது. பழைய வாகனத்தையே நம்பிப் பிழைப்பவர்களுக்கு இந்த மணம் சின்ன விடயமல்ல. ஆனால் இதற்காக ஏசியை மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை.

மணம் எங்கிருந்து வருகிறது?

குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் அதன் வெளிப்புறம் வேர்க்கும். டாஷ்போட்டுக்குள் இருக்கும் கூலிங் கொயில் எனப்படும் குளிர்ச்சுருளிலும் இதுவே நடக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் நீராகப் படிந்து, ஒரு சிறு வடிகுழாய் வழியாக வாகனத்தின் கீழே சொட்டுகிறது. ஏசி போட்டு நிறுத்திய வாகனத்தின் கீழே நாம் காணும் நீர் அதுதான்.

வாகனத்தை நிறுத்தியதும் சுருள் ஈரமாகவே நிற்கிறது. உள்ளே இருட்டு, பூட்டிய வெக்கை, சுருளில் ஒட்டிய தூசி. பூஞ்சணமும் பக்ரீரியாவும் வளர இவை போதும். அடுத்த முறை ஏசியைப் போடும்போது முதல் சில நிமிடங்களில் வீசும் மணம் அவற்றினுடையதே. பூஞ்சண வித்துகள் தொய்வு, ஒவ்வாமைத் தும்மல் உள்ளவர்களின் வருத்தத்தைத் தூண்டக்கூடியவை. வாசனைப் போத்தல் மணத்தை மறைக்குமே தவிர, வித்துகளைத் தடுக்காது.

முதலில் பார்க்க வேண்டியவை

1. வடிகுழாய்: ஈரப்பதமான நாளில் ஏசியைப் போட்டு 15 நிமிடம் விட்டுக் கீழே பாருங்கள். நீர் சொட்டாவிட்டால், அல்லது முன் இடது இருக்கையின் காலடி விரிப்பு நனைந்திருந்தால், குழாய் அடைபட்டிருக்கலாம். கூரிய கம்பியால் குத்த வேண்டாம். கீழிருந்து மெதுவாகக் காற்றடித்தால் அனேகமாகத் திறந்துவிடும். பின்னிருக்கைகளுக்குத் தனி ஏசி உள்ள வான்களில் இரண்டாவது சுருளும் அதற்கான வடிகுழாயும் உண்டு.

2. உட்காற்று பில்டர்: பல யப்பானிய கார்களில் முன் இடதுபக்க லாச்சிக்குப் பின்னால் இது இருக்கும். கறுத்து, ஈரமாக, இலைத் துண்டுகளுடன் இருந்தால் கழுவிப் போடாமல் புதிதாக மாற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கிரவல் வீதியில் ஓடும் வாகனத்துக்கு அதற்கு முன்பே தேவைப்படும். சில பழைய வான்களில் இந்தப் பில்டரே இருக்காது. அவற்றில் தூசி நேரே சுருளில் போய் ஒட்டும்.

3. காற்று உள்ளே போகும் வழி: முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள வலைத் துவாரத்தில் விழும் இலைகள் அங்கேயே உக்கும். வேப்பமர நிழலில் வாகனம் விடுபவர்கள் வாரம் ஒருமுறை அவற்றை அள்ளிவிட வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் மணம் இருந்தால் சுருளைக் கழுவ வேண்டும். இதற்கென்றே விற்கப்படும் நுரைத் திரவத்தை, மின்பகுதிகள் நனையாமல், மெக்கானிக் ஒருவரைக் கொண்டு அடிப்பிப்பதே பாதுகாப்பு. குளோரின் கலந்த வீட்டுத் திரவங்கள் வேண்டாம். அவை அலுமினியத்தை அரிக்கும், அவற்றின் ஆவி உள்ளிருப்பவரின் மூச்சையும் பாதிக்கும்.

செலவில்லாத பழக்கம்

இறங்க வேண்டிய இடத்துக்கு 5 நிமிடம் இருக்கும்போது ஏசி பொத்தானை நிறுத்துங்கள். காற்றாடியை ஓடவிட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். சுருளின் ஈரம் பெருமளவு காய்ந்துவிடும். மழை நேரத்தில் இப்படிச் செய்தால் கண்ணாடியில் புகார் படரலாம். அப்போது ஓடிக்கொண்டு செய்யாமல், வெளியான இடத்தில் வாகனத்தை நிறுத்திய பின் செய்யுங்கள்.

வேறு மணங்கள்

இனிப்பான மணத்துடன் முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுத்தால் ரேடியேற்றர் நீர் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். பெற்றோல், எரிந்த வயர் அல்லது புகைக்குழாய் மணம் என்றால் ஓட்டத்தை நிறுத்தி உடனே காட்டுங்கள். புகைக்குழாய்ப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு உயிரைப் பறிக்கும், அதற்குத் தனியாக மணமும் கிடையாது.

வெள்ளம் ஏறிய வாகனத்தின் கதை வேறு. தரைவிரிப்பின் கீழுள்ள பஞ்சு கிழமைக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதைக் கழற்றி வெயிலில் காயவிடாமல் மணம் போகாது. ஹைபிரிட் என்றால் ஸ்டார்ட் செய்து பார்க்கவும் வேண்டாம், செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கவும் வேண்டாம். பாவித்த கார் வாங்கப் போகும் இடத்தில் வாசனை தூக்கலாக இருந்தால், விரிப்பைத் தூக்கி அடியைத் தொட்டுப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

சில நாட்களின் பின் அந்த வான் சாரதி தொலைபேசியில் பேசினார். வேறொரு கராஜில் வடிகுழாயைக் கழற்றியபோது வேப்பிலையும் சேறும் கட்டியாக வந்ததாம். சுருளையும் கழுவியிருக்கிறார். ஏசியை மாற்றவில்லை. "அம்மான்ர அடுத்த கிளினிக்குக்குக் கண்ணாடி பூட்டிக்கொண்டே போகலாம், தம்பி" என்றார்.