ஆர்.கே.பேட்டைக்கு உரிய நாள் ஏப்ரல் 1

எல்லைப் போராட்டத் தியாகிகளை ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று தமிழகம் போற்றுகிறது. போற்ற வேண்டியதுதான். ஆனால் 1956-ல், மொழிவாரி மாநிலங்கள் பிறந்த அந்த நாளில், ஆர்.கே.பேட்டை தமிழ் மாநிலத்தில் இல்லை. ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் சமரசம், 1959-ன் எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் கடந்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதியோடு இந்த ஊரும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. ஆகவே இந்த மண்ணுக்கென்று ஒரு விழா எடுத்தால், அது ஏப்ரல் 1-ல் இங்கேயே நடப்பதுதான் முறை.

1910-ல் இங்கே பிறந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிறந்தபோது வட ஆர்க்காடு மாவட்டம், 1911-ல் சித்தூர் மாவட்டம், 1953-ல் ஆந்திர மாநிலம், 1956-ல் ஆந்திரப் பிரதேசம், 1960-ல் சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டம், 1969-ல் தமிழ்நாடு. வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே இத்தனை முகவரி! 1997-ல் வந்த திருவள்ளூர் மாவட்டத்தையும் பார்த்திருந்தால் இன்னும் ஒன்று கூடியிருக்கும். இவ்வளவு செறிவான வரலாற்றை ஊர்ப் பிள்ளைகள் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்துபோவது நியாயமில்லை.

பழைய எல்லைச் சண்டையைக் கிளறினால் தமிழருக்கும் தெலுங்கருக்கும் மனக்கசப்பு வராதா என்று கேட்பார்கள். வெற்றி விழாவாக நடத்தினால் வரும். அதே 1960 எல்லை மாற்றத்தில் சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனதையும், இங்கே தங்கிய தெலுங்குக் குடும்பங்களின் நினைவுகளையும் சேர்த்தே சொன்னால் கசப்புக்கு இடமில்லை. தறி ஓட்டிப் பிழைக்கும் ஊருக்கு விழா எதற்கு என்பது இன்னொரு கேள்வி. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை வரை நீளும் நெசவும் இதே வரலாற்றின் பகுதிதான். எல்லை மாறியபோது நூலும் சந்தையும் என்னவாயின என்பதை நெசவாளர்தான் சொல்ல வேண்டும். சரி, விழாவை எப்படி நடத்துவது? அமெரிக்காவின் லெக்சிங்டனில் 1775 ஏப்ரல் 19-ல் பிரிட்டிஷ் படையோடு நடந்த மோதலை ஊர்மக்களே ஆண்டுதோறும் விடியற்காலையில் நடித்துக் காட்டுகிறார்கள். அவ்வளவு ஆடம்பரம்கூட நமக்கு வேண்டாம். பள்ளியில் ஒரு கண்காட்சி போதும்: 1953 முதல் 1960 வரையிலான பத்திரங்கள், வரி ரசீதுகள், பள்ளிச் சான்றிதழ்கள்.

1960-ல் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஆசிரியர்களே, வரும் ஏப்ரலுக்குள் மாணவர்களை அவர்களிடம் அனுப்பி, சொல்வதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.