மூச்சின் கதை - 7: சடையில் ஏறிய ஊமத்தம்பூ

நடராஜத் திருவுருவங்களை நின்று நிதானித்துப் பார்த்தவர்கள், விரிந்த சடையில் கங்கையும் பிறையும் அரவும் இருக்க, அவற்றோடு ஓர் ஊமத்தம்பூவும் செருகப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் யாரும் விதைக்காமலே முளைப்பதும், ஆடுமாடுகளும் வாய்வைக்காமல் ஒதுக்குவதுமான அந்தச் செடியின் மலர் ஆடல்வல்லானின் சிரசில் ஏறியதற்குச் சமயப் பெரியோர் கூறும் தத்துவார்த்தம் ஒருபுறம் இருக்க, இரைப்பு நோயின் சரித்திரத்தைத் தேடிச் செல்கிறவனுக்கு அந்தப் பூ மற்றொரு கதையையும் சொல்லுகிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழல்களுக்கு நேரும் மூன்று கேடுகளைச் சென்ற இதழில் பார்த்தோம்: சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்புறச் சவ்வு வீங்குகிறது, சளி கெட்டிப்பட்டு அடைக்கிறது. இவற்றுள் முதலாவதை மட்டும் தளர்த்துகிற ஔஷதங்களைப் பற்றியது இந்த அத்தியாயம். 'மட்டும்' என்ற அந்தச் சொல்லை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், சென்னையில் கம்பெனியாரின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டுச் சாயப்பூச்சி வளர்க்க முயன்ற, செடிகொடிகளில் தீராத மோகமுள்ள அந்த மனிதர், இரைப்புக்காரர்களுக்கு ஊமத்தை வேரை உலர்த்திக் குழாயிலிட்டுப் புகைக்கும்படி சொல்லிவந்தார். அந்தப் பிரயோகத்தை 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்பவர் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அதன்பின் அச்செடியின் இனத்தைச் சேர்ந்த இலைகளைச் சுருட்டிய 'ஆஸ்துமா சிகரெட்டுகள்' மேல்நாட்டு மருந்துக் கடைகளில் நூறாண்டுக்கு மேல் விற்பனையாயின. நம் வேலியோரத்துச் செடி, நம் ஊர்த் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, அந்நிய தேசத்தாரின் மூச்சைத் திறந்துவிட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு பெருமிதம் உண்டாகத்தான் செய்கிறது.

ஆனால் அந்தச் செடியின் பெயரே ஓர் எச்சரிக்கை. உன்மத்தம் என்ற சொல்லிலிருந்து வந்தது ஊமத்தை. மூச்சுக்குழலின் தசையை இறுக்கும் நரம்பின் கட்டளையைத் தடுத்து நிறுத்துகிற அட்ரோபின் முதலிய அதே வஸ்துக்கள், அளவு சற்று மிஞ்சினால் நாவை உலர்த்தி, கண்ணின் பாவையை விரித்து, சித்தத்தைக் கலக்கி, உயிரையும் கொண்டுபோகும். பிற்காலத்து ரசாயன சாஸ்திரிகள் அந்த அட்ரோபினையே சிறிது மாற்றி, மூளைக்குள் எளிதில் புகாத இப்ராட்ரோபியம் என்ற மருந்தாக்கி, 1970-களில் உபயோகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று மருத்துவமனையில் நெபுலைசர் வைக்கும்போது புகைபோல் வருகிற மருந்தில் பெரும்பாலும் அதுவும் கலந்திருக்கிறது. முகமூடி தளர்ந்து அந்த ஆவி கண்ணில் பட்டால் பாவை விரியும். கண்ணழுத்த நோயுள்ள முதியவர்களுக்கு அதனால் கடுமையான வலியும் பார்வைக் கேடும் நேரலாம். ஆகையால் முகமூடியைக் கன்னத்தோடு பொருந்தப் பிடித்துக்கொள்வது, உடனிருக்கிற உறவினர் செய்யத்தக்க சிறிய, ஆனால் முக்கியமான காரியம்.

இனி எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிற சால்பியூட்டமாலுக்கு வருவோம். 1969-ல் விற்பனைக்கு வந்த இம்மருந்து, உறிஞ்சிய சில நிமிஷங்களில் தசையைத் தளர்த்தி, ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கும். இதைப்போல் உயிர்காக்கும் ஔஷதங்கள் மிகச் சிலவே. எனினும் வீக்கத்தை அது தொடுவதில்லை. மூச்சு திறந்த சுகத்தில் நோயாளி அயர்ந்திருக்க, உள்ளே சவ்வு நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போகிறது. இதற்கு முன்னோடியான ஐசோபிரினலின் என்ற மருந்தை அதிக வீரியத்தில் அடைத்து விற்ற தேசங்களில், 1960-களில் இளம் ஆஸ்துமாக்காரர்களின் மரணம் திடீரென்று பெருகிற்று. பிரிட்டனில் எச்சரிக்கை பிறந்த பின்னரே அது தணிந்தது. நியூசிலாந்திலும் 1976-க்குப் பிறகு ஃபெனோடெரால் என்ற மருந்தோடு அதே துயரம் திரும்ப வந்து, அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்தியதும் குறைந்தது.

இவையெல்லாம் எனக்குத் தெரியாத காலமொன்று உண்டு. அண்ணாமலைநகரில், பல்கலைக்கழக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் தகப்பனார், மார்கழிப் பனியிலும், தை மாதத்தில் சம்பா அறுவடையாகி வைக்கோல் தூசி எழும் நாட்களிலும் இரைப்பால் அவதிப்படுவார். அவர் கேட்டபோதெல்லாம் கடைக்குச் சென்று பஃப் வாங்கிவந்து கொடுப்பதை ஒரு புத்திரதர்மமாகவே நான் எண்ணியிருந்தேன். ஆருத்ரா தரிசனத்துக்கு மறுநாள் விடியற்காலையில், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாமல் அவர் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்ததைக் கண்டு பதறிப்போய்த் தூக்கிச் சென்றோம். மூச்சு சீரான பிறகு அங்கிருந்த டாக்டர் என்னைப் பார்த்து, "மாசத்துக்கு எத்தனை பஃப் வாங்குறீங்க, சார்?" என்று கேட்டார். நான் விரல்விட்டு எண்ணினேன். 5 மாதத்தில் 7. "எதுக்கு இப்படிக் கேக்குறார்னு அப்பவே தோணியிருக்கணும், இல்லையா?" என்றார், கடிந்துகொள்ளாமல்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் பிற்பாடு படித்தபோது விளங்கியது. ஒரு குப்பியில் சாதாரணமாக 200 பஃப் இருக்கும். வருஷத்துக்கு 3 குப்பியோ அதற்கு மேலோ தேவைப்படுகிறவர்களுக்கு நோய் திடீரென்று முற்றும் அபாயம் அதிகம். 12-ஐ எட்டினால் மரண அபாயமே கூடுகிறது. இதனால்தான், உலக நாடுகளின் ஆஸ்துமா நிபுணர்கள் சேர்ந்து வெளியிடும் 'ஜினா' வழிகாட்டி, 2019 முதல், சால்பியூட்டமாலைத் தனியாக மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்துமாவைச் சமாளிப்பதை ஏற்பதில்லை. வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் கூட இருந்தாக வேண்டும்.

ஸ்டீராய்டு என்றதும் நம் வீடுகளில் எழும் பயத்தை நான் அறிவேன். என் தாயாரே முதலில் வேண்டாமென்றார். ஆனால் மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கு. உறிஞ்சுவதோ மைக்ரோகிராம் கணக்கு. சால்பியூட்டமாலிலும் அப்படியே: ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம், ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையிலோ அதைப்போல் 40 மடங்கு. "பஃப் பழக்கமாகிவிடும், மாத்திரையே போதும்" என்று சொல்லுகிறவர்கள், கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் வலிந்து வரவழைத்துக்கொள்கிறார்கள். அந்தப் படபடப்புக்கென்று யாரேனும் புரோப்ரனலால் மாத்திரை தந்துவிட்டால், அது மூச்சுக்குழலை இறுக்கிவிடும். கண்ணழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துகூட அவ்வாறு செய்யவல்லது. எந்த வைத்தியரிடம் போனாலும், கண் வைத்தியரானாலும் சரி, "எனக்கு இரைப்பு உண்டு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

டெரிஃபிலின் ஊசி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேயிலையிலிருந்து 1888-ல் கோசல் என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்த தியோஃபிலின்தான் அதன் ஜீவன். அதில் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடையேயுள்ள தூரம் மிகக் குறுகியது. அதே சமயம் சிப்ரோஃப்ளாக்ஸசினோ எரித்ரோமைசினோ சாப்பிட்டால் ரத்தத்தில் அது தேங்கி, வாந்தியும் படபடப்பும், முற்றினால் வலிப்பும் உண்டாகலாம்.

என் தகப்பனார் பல வருஷங்களாகப் பஃப்பை உபயோகித்தும், மருந்தின் பெரும்பகுதி அவர் தொண்டையோடே நின்றுவிட்டிருந்தது என்பதை அந்த டாக்டர்தான் கண்டுபிடித்தார். குப்பியை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுதும் வெளிவிட்டு, வாயில் பொருத்தி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, 10 எண்ணும்வரை அடக்கி வைக்க வேண்டும். அடுத்ததற்கு அரை நிமிஷமாவது பொறுக்க வேண்டும். கையும் மூச்சும் ஒத்துவராதவர்களுக்கு ஸ்பேசர் என்ற குடுவை ஒரு வரப்பிரசாதம். ஸ்டீராய்டு எடுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாவில் வெள்ளைப் பூஞ்சை படியும். குப்பியின் நிறத்தை நம்பக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும்; பெயரைப் படித்தே எடுக்க வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பஃப் எடுத்தும் மூச்சு இளகாவிட்டாலோ, நோயாளி சோர்ந்து தூங்கி விழுந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே புறப்பட வேண்டும். வழியிலும் ஸ்பேசர் மூலம் ஒவ்வொரு பஃப்பாகக் கொடுத்துக்கொண்டே போகலாம். ஒரே தடவையில் 4 முதல் 10 வரை, 20 நிமிஷத்துக்கொருமுறை, முதல் ஒரு மணி நேரம் வரை கொடுப்பது வழிகாட்டிகள் ஒப்பிய முறையே.

இப்போது எங்கள் வீட்டில் புதுக் குப்பி வாங்கியதும் அதன்மேல் பேனாவால் தேதி எழுதுகிறோம். சென்ற ஆடியில் எழுதிய சால்பியூட்டமால் குப்பி, இந்த மார்கழியிலும் பாதிக்கு மேல் மிச்சமாக அலமாரியில் இருக்கிறது; தகப்பனார் வடக்கு வீதி வரை நடந்து போய், தேர் நிலை சேரும் வரை நின்றுவிட்டு வந்தார்.

(தொடரும்)