அரசு லேப்டாப்பும் இரண்டு பூட்டுகளும்!

பென்னாகரம், அரூர் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள பல வீடுகளில், பீரோ மேல் ஒரு பழைய அரசு லேப்டாப் கிடக்கும். சார்ஜ் நிற்காது. ஆனால் உள்ளே மார்க் ஷீட், ஆதார் நகல், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அப்படியே இருக்கும். விற்றாலோ, ரிப்பேருக்குக் கொடுத்தாலோ அவை யார் கைக்குப் போகும்?

'அதான் பாஸ்வேர்டு போட்டிருக்கே' என்பார்கள். அது வாசல் கதவுக்கு மட்டுமான பூட்டு. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, ஹார்டு டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், பாஸ்வேர்டு கேட்காமலே எல்லாம் தெரியும். அதைத் தடுப்பதுதான் டிஸ்க் என்க்ரிப்ஷன். டிஸ்க்கில் பதிவாகும் எல்லாவற்றையும் அது சங்கேதமாக மாற்றிவிடும். சாவி இல்லாதவருக்குக் கிடைப்பது வெறும் குப்பை எழுத்துகள்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் வந்தன. வேடிக்கை இங்கேதான். விண்டோஸ் 7-ன் 'பிட்லாக்கர்' பூட்டு, விலை கூடிய அல்டிமேட், என்டர்பிரைஸ் பதிப்புகளுக்கு மட்டும். ஸ்டார்ட்டருக்குக் கிடையாது. லினக்ஸின் 'லக்ஸ்' பூட்டோ 2004 முதலே எல்லோருக்கும் இலவசம். 'பாஸ்'ஸுக்கு அடிப்படையான டெபியனில், 2007 முதல் இன்ஸ்டால் செய்யும்போதே முழு டிஸ்க்கையும் பூட்டிவிடலாம். காசில்லாத மாணவருக்கான பூட்டு, பலரும் எட்டிக்கூடப் பார்க்காத லினக்ஸ் பக்கம் இருந்தது!

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பிலும் முழு பிட்லாக்கர் இல்லை. 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற எளிய வடிவம்தான் உண்டு. பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் அது தானாக ஆன் ஆகி, 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். மறதிக்காரர்களுக்கு அது வரம். ஆனால் சாவியின் நகல் ஒரு கம்பெனியிடம் இருக்கிறது. லக்ஸில் சாவி முழுக்க உங்களிடம்தான். மறந்தால் போட்டோவும் போச்சு, முறையிட கஸ்டமர் கேர் கிடையாது.

பழைய லேப்டாப்பில் டெபியன் போட நினைப்பவர்கள், முதலில் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். முழு டிஸ்க்கையும் பூட்டி இன்ஸ்டால் செய்தால், அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். லேப்டாப் பைக்குள் மட்டும் வேண்டாம்.