பி.எஃப். பணமும் பத்து வருடக் கணக்கும்

வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தை முழுசா எடுத்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன்.

முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், சம்பள உச்சவரம்புக்கு உட்பட்டு, 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதியும் நம் பங்கும் சேமநிதியில் சேருகின்றன. ஆக, கணக்கு இரண்டு.

2003-ல் புனேயில் ஏழு வருட வேலையை விட்டேன். சேமநிதிக்கு 19-ஆம் படிவம், ஓய்வூதியத்துக்கு 10-சி. பின்னதில் பணம் வேண்டுமா, ஸ்கீம் சர்டிபிகேட் வேண்டுமா என்று கேட்டிருந்தது. "காகிதத்தை வச்சுண்டு என்ன சார் பண்றது? காசை வாங்கிக்கோங்க" என்றார் நண்பர். வாங்கிக்கொண்டேன். பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவியது.

அடுத்த கம்பெனியில் ஆறு வருடம். மொத்தம் பதின்மூன்று. ஆனால் பணம் வாங்கிய ஏழு வருடம் கணக்கில் வராது. ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் வேண்டுமே! சர்டிபிகேட் வாங்கியிருந்தால், 6,500 ரூபாய் உச்சவரம்பை 13-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க, 58 வயது முதல் மாதம் சுமார் 1,200 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் ஆயுள் முழுக்க வரும், எனக்குப் பின் மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு.

வேலை மாறும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: எடுக்காதீங்க, மாற்றிக்கோங்க. 2014-ல் வந்த யு.ஏ.என். எண் ஒன்றே எல்லாக் கம்பெனிக்கும் தொடரும். ஒன்று கவனியுங்கள்: நம் இனிஷியல், வடக்கே கம்பெனிப் பதிவேட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும், ஆதாரில் வேறாக இருக்கும். வேலையில் இருக்கும்போதே அதைச் சரிசெய்துவிடுங்கள்.