கணினிச் சித்திரங்கள் அரங்கேறும் சபை

கணினியைக் கொண்டு சித்திரம் தீட்டி, அதற்கு அசைவும் கொடுத்துத் திரையில் உலவவிடும் கலையில் ஈடுபட்டவர்கள், எந்த நாட்டினராயினும், தங்கள் படைப்பை ஒருமுறையேனும் அரங்கேற்றிவிட வேண்டுமென்று ஆசைப்படும் சபை ஒன்று உண்டு. சிக்ராஃப் மகாநாட்டின் ஓர் அங்கமாக ஆண்டுதோறும் நடைபெறும் கணினி அனிமேஷன் விழாவே அது. ஏ.சி.எம். என்னும் கணினித் துறையினரின் பெருஞ்சங்கத்தில், வரைகலையில் சிரத்தை கொண்டவர்கள் சிக்ராஃப் என்ற தனிக் குழுவாகச் சேர்ந்து, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர் நகரில் 1974-ஆம் ஆண்டில் தங்கள் முதல் மகாநாட்டை நடத்தியபோது வந்திருந்தவர்கள் ஏறக்குறைய 600 பேர். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து விவாதிப்பதோடு, அவரவர் கொண்டுவந்த படச்சுருள்களையும் வீடியோ நாடாக்களையும் போட்டுப் பார்ப்பதும் அங்கே வழக்கமாயிற்று. அவ்வழக்கமே நாளடைவில் நடுவர் குழுவும், பரிசுகளும், 'எலெக்ட்ரானிக் தியேட்டர்' என்ற பெரிய அரங்கக் காட்சியும் கொண்ட விழாவாக வளர்ந்தது.

மற்றத் திரைப்பட விழாக்களுக்கும் இதற்கும் உள்ள முக்கியமான பேதம் பார்வையாளர்களிடத்தில் இருக்கிறது. ஒரு பரப்பின் மேல் ஒளி பட்டுத் தெறிப்பதை எந்தச் சூத்திரத்தால் கணக்கிடுவது, துணி மடிவதையும் நீர் அலைவதையும் எந்த முறையில் கணினிக்கு விதிப்பது என்பன போன்ற பிரச்சினைகளையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட நிபுணர்கள் அந்த அரங்கில் திரளாக அமர்ந்திருப்பார்கள். சாமானிய ரசிகன் கவனியாமல் விட்டுவிடும் ஒரு நிழலின் பிசகு அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. எனவே இங்கே படம் அனுப்புகிறவர், மனத்தைத் தொடுகிறதா என்ற பரீட்சைக்கும், இதுவரை ஒருவரும் செய்யாத ஒன்றைச் செய்திருக்கிறதா என்ற பரீட்சைக்கும் ஒரே வேளையில் தம் படைப்பை உட்படுத்துகிறார்.

இரண்டாவது பரீட்சையில் ஒரு படம் எவ்வளவு பிரமாதமாகத் தேற முடியும் என்பதற்கு லோரன் கார்பென்டரின் 'வோல் லிப்ர்' என்ற குறும்படத்தைக் காட்டிலும் நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. போயிங் விமானக் கம்பெனியில் பணிபுரிந்த அவருக்கு, கணினியில் வரைந்த விமானங்களுக்குப் பின்னணியாக மலைகள் தேவைப்பட்டன. மலையென்றால் மேடும் பள்ளமும், பாறையும் பிளவும் எண்ணிறந்தவை. ஒவ்வொன்றின் அளவையும் மனிதன் உட்கார்ந்து கணினிக்குச் சொல்லிக்கொண்டிருப்பது நடவாத காரியம். பெனுவா மண்டல்புரோ என்ற கணித அறிஞர், இயற்கையின் கரடுமுரடான உருவங்களில் பெரியதன் சாயலே சிறியதிலும் திரும்பத் திரும்ப வருவதை எடுத்துக்காட்டி, அத்தகைய உருவங்களுக்கு 'ஃபிராக்டல்' என்று பெயரிட்டிருந்தார். அவருடைய நூலைப் படித்த கார்பென்டர் அதிலிருந்து எளிய உபாயம் ஒன்றை வகுத்துக்கொண்டார். மலையைச் சில பெரிய முக்கோணங்களாக மட்டும் வைத்துக்கொள்வது. ஒவ்வொரு முக்கோணத்தின் பக்கங்களிலும் நடுப்புள்ளியை எடுத்து, அதைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ மனம்போனபடி நகர்த்தி, ஒன்றை நான்காக்குவது. அந்த நான்கையும் அவ்வாறே பதினாறாக்குவது. அருகில் இருக்கும் பாறையை மேலும் மேலும் பிளக்கலாம். தொலைவில் இருப்பதைச் சில பிளவுகளோடு நிறுத்திவிடலாம். இவ்வளவுதான் விதி, மலைத்தொடரை விரிப்பது யந்திரத்தின் பொறுப்பு.

1980-ஆம் ஆண்டு மகாநாடு சியாட்டில் நகரில் நடைபெற்றபோது, இம்முறையால் ஆக்கிய மலைகளின் ஊடே பறந்து செல்வதாக அமைந்த சுமார் இரண்டு நிமிஷப் படத்தை அவர் திரையிட்டார். கார்பென்டரின் எண்ணமெல்லாம் லூகாஸ்ஃபிலிம் என்ற சினிமாக் கம்பெனியின் கணினிப் பிரிவில் சேரவேண்டும் என்பதுதான். அப்பிரிவின் தலைவர்களான எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் சபையில் இருந்தார்கள். படம் முடிந்ததும் எழுந்த கரகோஷத்தைப் பற்றி இன்றளவும் அத்துறையினர் சொல்லிக்கொள்கிறார்கள். விரும்பிய வேலை அவருக்குக் கிடைத்தது. 1982-இல் வெளிவந்த 'ஸ்டார் டிரெக்' இரண்டாம் படத்தில், உயிரற்ற கோளொன்றில் மலைகள் எழும்பும் காட்சியில் அதே உபாயம் பயன்பட்டது.

'வோல் லிப்ர்' படத்தின் ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்கிட்டு முடிக்க, அக்காலத்து வாக்ஸ் கணினிக்கு 20 முதல் 40 நிமிஷம் வரை பிடித்தது என்பதை இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம்கள். இரண்டு நிமிஷப் படத்திற்கு 2,880. ஃபிரேமுக்கு 20 நிமிஷமென்று வைத்துக்கொண்டாலும், ஒரே யந்திரம் இரவுபகல் ஓயாமல் உழைத்தால் அந்த வேலைக்கு 40 நாட்கள் ஆகும். உருவங்களையும் ஒளியையும் அசைவையும் கணக்கிட்டு ஃபிரேம்களாக்கும் இந்தக் கட்டத்தைத் தொழிலில் 'ரெண்டர்' செய்வது என்கிறார்கள். இதில் கடைசி நாளன்று ஒரு தவறு தென்பட்டால், அத்தவறு உள்ள ஃபிரேம்களையெல்லாம் மீண்டும் கணக்கிடவேண்டியதுதான். இன்றைய யந்திரங்கள் அன்றையவற்றைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமுடையவை. ஆயினும் கலைஞர்களின் ஆசையும் அதே வேகத்தில் பெருகி, ரோமத்தின் ஒவ்வோர் இழையிலும் ஒளி ஊடுருவ வேண்டுமென்று கேட்பதால், கெடு நெருங்கும்போது எழும் பரபரப்பு சிறிதும் குறைந்ததாகத் தெரியவில்லை.

கெடுவுக்குள் முடியாவிட்டால் என்ன செய்வது? 1984-இல் மினியாபொலிஸ் மகாநாட்டுக்கு லூகாஸ்ஃபிலிம் குழுவினர் கொண்டுவந்த 'ஆந்திரே அண்ட் வாலி பி.' என்ற படம் அந்த நெருக்கடியைக் கண்டது. வேகமாக அசையும் பொருள் கண்ணுக்குக் கலங்கித் தெரிவதைக் கணினியால் காட்டியதும், டிஸ்னி கலைக்கூடத்தில் பயின்ற ஜான் லாசெட்டர் கணினிப் பாத்திரங்களுக்கு நெகிழ்ந்து வளையும் உடலைக் கொடுத்து நடிக்கவைத்ததும் அப்படத்தின் விசேஷங்கள். கிரே நிறுவனத்தின் அதிவேக யந்திரங்களை உபயோகித்தும் சில பகுதிகள் நிறைவேறவில்லை. அவற்றைக் குழுவினர் மறைக்கவில்லை. துணியும் தொம்பையும் கட்டாத தேரின் மரச்சட்டத்தைப் போல, வெறும் கோடுகளாலான வயர்ஃபிரேம் உருவங்களாகவே சபையின் முன் வைத்தார்கள். செய்முறை அறிந்த சபை அதை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் இதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு இன்று அரைகுறையாக எதையும் அனுப்பலாகாது. நடுவர்கள் பொதுவாக எதிர்பார்ப்பது முற்றுப்பெற்ற படைப்பையே.

இரண்டு பரீட்சைகளிலும் ஒருங்கே தேறிய படமென்றால், 1986-இல் டல்லாஸ் நகரில் திரையிடப்பட்ட 'லக்ஸோ ஜூனியர்' தான் என் நினைவில் முன்நிற்கிறது. அதே ஆண்டில் லூகாஸ்ஃபிலிமிலிருந்து தனி நிறுவனமாகப் பிரிந்திருந்த பிக்ஸாரில் லாசெட்டர் உருவாக்கிய அச்சிறு படத்தில் வருபவை இரண்டு மேசை விளக்குகளும் ஒரு பந்துமே. நகரும் விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றும் தம்மேல் தாமும் நிழல் விழச்செய்வது அந்நாளில் பெரிய சாதனை. காட்சி முடிந்தபின், வாயேஜர் விண்கலப் பயணங்களைக் கணினிச் சித்திரமாக்கிப் புகழ்பெற்ற ஜிம் பிளின் தம்மை நோக்கி வருவதைக் கண்ட லாசெட்டர், நிழலின் கணக்கைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று கலங்கினாராம். பிளின் கேட்டதோ, அந்தப் பெரிய விளக்கு தாயா தகப்பனா என்பது. உயர்ந்த நிபுணர் ஒருவரின் நெஞ்சில் சூத்திரத்தை முந்திக்கொண்டு கதை இடம்பிடித்துவிட்டது என்பதைவிட ஒரு படத்துக்கு வேறு என்ன பாராட்டு வேண்டும்? ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்ட முதல் முப்பரிமாணக் கணினி அனிமேஷன் படமும் அதுவே.

இன்று படம் அனுப்ப விரும்புகிறவர் அறியவேண்டியவை அதிகமில்லை. கதைக் குறும்படங்கள், மாணவர் படைப்புகள், சினிமாவின் தந்திரக் காட்சிகள், விளம்பரங்கள், விளையாட்டுகளுக்கான காட்சிகள், விஞ்ஞான உண்மைகளைக் கண்முன் விளக்கும் சித்திரங்கள் யாவும் ஏற்கப்படுவதுண்டு. படத்தோடு சில அசையாப் படங்களும், சுருக்கமான கதைக் குறிப்பும், இசை உட்பட எல்லாவற்றுக்கும் உரிமை பெற்றதற்கான உறுதிமொழியும் தேவை. இசைக்கு அனுமதி பெறுவதைக் கடைசிக்கு ஒத்திப்போடுவது நல்லதன்று. மேலும், எந்தக் கருவிகளைக் கையாண்டீர்கள், ஒரு ஃபிரேமுக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆயிற்று, தயாரிப்பில் தீர்த்த கடினமான சிக்கல் யாது என்றெல்லாம் விண்ணப்பத்தில் கேட்பது இவ்விழாவின் பழைய மரபு. இக்கேள்விகளுக்குப் பலர் மென்பொருள்களின் பெயரை மட்டும் அடுக்கிவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு மறித்தது, எவ்வாறு அவிழ்ந்தது என்று தெளிவாக எழுதுவதே நடுவருக்கு உதவும் என்பது என் அபிப்பிராயம்.

வரும் படைப்புகள் நூற்றுக்கணக்கானவை. அரங்கேறுபவை மிகச் சில. என்றாலும் பெரிய ஸ்தாபனங்களுக்கே கதவு திறக்கிறதென்று எண்ணத் தேவையில்லை. 2005-இல் மிகச் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட '9', ஷேன் ஆக்கர் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்து செய்தது. 2008-இல் அப்பரிசைப் பெற்ற 'ஆக்டபோடி', பாரிஸ் நகரின் கோப்லான் பள்ளியில் பயின்ற மாணவர் ஆறுபேரின் கூட்டு வேலை. 1999 முதல் ஆஸ்கார் குறும்படப் போட்டிக்குத் தகுதி வழங்கும் விழாக்களில் இதுவும் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டு மாணவர் படங்களும் ஆஸ்கார் முன்மொழிவுப் பட்டியலில் இடம்பெற்றன. அமெரிக்கா வரை அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு, 2008-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கி ஆசிய நகரங்களில் நடைபெற்றுவரும் சிக்ராஃப் ஆசியா மகாநாடும் தனக்கென ஓர் அனிமேஷன் விழாவை வைத்திருக்கிறது.