உங்களுக்குத் தெரியுமா? ரைஃபிளைத் தாங்கும் மூன்று கால்கள்

1860 ஜூலை 2. லண்டனை அடுத்த விம்பிள்டன் திடலில் இங்கிலாந்து தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டி. முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா மகாராணி. 400 கஜம் தள்ளியிருந்த இலக்கில், நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு போய்ப் பாய்ந்தது. ஆனால் ராணி துப்பாக்கியைத் தோளில் வைக்கவே இல்லை. பொறியாளர் ஜோசப் விட்வொர்த் தன் ரைஃபிளை ஒரு தாங்கியில் பொருத்தி, குறி பார்த்து, இறுக்கி வைத்திருந்தார். விசையில் கட்டியிருந்த பட்டுக் கயிற்றை ராணி மெல்ல இழுத்தார், அவ்வளவுதான். தாங்கி வைத்துச் சுடுவதை மட்டமாகப் பேசுகிறவர்களுக்கு இந்தச் செய்தியை முதலில் சொல்லிவிடுவது என் வழக்கம்.

✦

துப்பாக்கிக்குத் தாங்கி என்பது துப்பாக்கி அளவுக்கே பழசு. 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைவீரன் கனத்த மஸ்கட்டோடு ஒரு கவைக்கோலையும் சுமந்துகொண்டு நடந்தான். கோலை மண்ணில் ஊன்றி, கவையில் குழலைச் சாய்த்தால்தான் சுட முடியும். 1607இல் யாக்கோப் தெ கெய்ன் வெளியிட்ட டச்சுப் படைப்பயிற்சிப் படநூலில் அந்தக் கோலை எந்தக் கையில் எப்படிப் பிடிப்பது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

✦

தாங்கி கூடாது என்று விதி போட்டால் மனிதன் என்ன செய்வான்? தன் உடம்பையே தாங்கியாக்கிக்கொள்வான். 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கை அடுத்த கிரீட்மூர் களத்தில் அமெரிக்காவும் அயர்லாந்தும் 800, 900, 1000 கஜங்களில் மோதின. செயற்கைத் தாங்கிக்கு அனுமதி இல்லை. அந்தக் காலத்து வீரர்கள் சிலர் மல்லாந்து படுத்து, குழலைத் தங்கள் கால்கள்மீதே கிடத்திச் சுட்டார்கள். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் ஒருவர் தவறுதலாகப் பக்கத்து இலக்கில் சுட்டது ஆட்டத்தையே புரட்டிப்போட்டது.

✦

இன்று முன்தாங்கி வைத்துச் சுடும் நெடுந்தூரப் போட்டிகளில் புகழ்பெற்றது எஃப்-கிளாஸ். அந்த ‘எஃப்’ கனடா வீரர் ஜார்ஜ் ஃபார்க்கர்சனின் பெயரிலிருந்து வந்தது. நண்பர்கள் வட்டத்தில் அவர் ‘ஃபார்க்கி’. வார்ப்பட்டையைக் கையில் சுற்றி இறுக்கிக் குப்புறப் படுத்து, சிறு துளைவழியே குறி பார்த்துச் சுடுவது வயது ஏற ஏறக் கஷ்டம். தோள் ஒத்துழைக்காது, கண் ஒத்துழைக்காது. ஸ்கோப்பும் தாங்கியும் அனுமதித்தால் வயதான வீரர்களும் களத்தை விட்டுப் போகவேண்டாமே! இந்த எண்ணத்தில் பிறந்த பிரிவில் இன்று இளைஞர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

சலுகைக்கு ஈடாக இலக்கைச் சுருக்கிவிட்டார்கள். அமெரிக்க விதிப்படி 1000 கஜத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 10 அங்குலம்தான். வழக்கமான நெடுந்தூர இலக்கில் அது 20 அங்குலம்.

✦

எஃப்-கிளாஸில் இரண்டு பிரிவுகள். ‘ஓப்பன்’ பிரிவில் ரைஃபிள் 10 கிலோ வரை இருக்கலாம், முன்னால் மூன்று கால் ரெஸ்ட் வைத்துக்கொள்ளலாம். ‘டி.ஆர்.’ பிரிவில் .223, .308 ஆகிய இரண்டு தோட்டாக்களுக்கு மட்டுமே இடம். பைபாட் என்ற இருகால் தாங்கியையும் சேர்த்தே எடை 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது.

✦

முன்தாங்கி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இறங்கினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்தாங்கிக்கும், கட்டையின் பின்முனையைத் தாங்கும் மணல் பையான பின்பைக்கும் இடையே 70 செ.மீ. இலக்கு 1000 கஜம், அதாவது 914 மீட்டர் தள்ளி. முன்னால் 0.1 மி.மீ. இறங்கினால் அங்கே குண்டு 13 செ.மீ. இறங்கும். பத்துப் புள்ளி வளையத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள தூரமே 12.7 செ.மீ.! நாம் எழுதும் வெள்ளைத்தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. ஒரு தாள் கனத்துக்கு ரெஸ்ட் அமுங்கினால் பத்து ஒன்பதாகிவிடலாம். ரெஸ்ட்டுக்கு ஏன் இத்தனை பணம் என்று கேட்பவர்களிடம் நான் வேறெதுவும் சொல்வதில்லை, இந்தக் கணக்கைக் காட்டிவிடுவேன்.

✦

குண்டு குழலைவிட்டு வெளியேறிய பிறகுதான் துப்பாக்கி உதைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. குண்டு முன்னால் நகரத் தொடங்கிய அந்தக் கணமே ரைஃபிள் பின்னால் நகரத் தொடங்கிவிடுகிறது. 10 கிலோ ரைஃபிள், 180 கிரெய்ன் எடையுள்ள குண்டு என்று எடுத்துக்கொண்டால், குண்டு குழல்வாயைத் தாண்டுவதற்குள் ரைஃபிள் சுமார் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கியிருக்கும். ஆக, முன்தாங்கி காரியம் செய்வது அந்த முதல் மில்லிமீட்டரில்தான். அந்தச் சிறு ஓட்டத்தில் ரைஃபிள் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வழுக்க வேண்டும். ஒரு தடவை பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை வழுக்கி, மூன்றாவது தடவை ஓரமாகத் திரும்பினால் எவ்வளவு நல்ல பேரலும் வீண். இறுக்கிப் பிடித்துவைப்பது நல்ல ரெஸ்ட்டின் வேலை அல்ல.

✦

புது ரெஸ்ட் வாங்கியவர் முதல் நாளே தோட்டாவைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. முதலில் ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றி, அறை காலிதான் என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ரெஸ்ட்டின் மூன்று கூர்முனைகளையும் தரையில் வைத்து, தலைப்பகுதியை உள்ளங்கையால் அழுத்தி ஊன்றுங்கள். புல்தரை என்றால் முழு உடல் எடையும் இறங்கட்டும். மழை பெய்து ஓய்ந்த மண்ணில் பாதிப் போட்டியிலேயே ஒரு கால் புதையும். கான்கிரீட் என்றால் முனைக்கு அடியில் உலோக வில்லை வேண்டும். மட்டக்குமிழி நடுவில் நிற்கிறதா பாருங்கள்.

இனி ரைஃபிளை ஏற்றி, ஸ்கோப் வழியே ஓர் இலக்கைப் பிடித்துக்கொண்டு, கையால் ஓரிரண்டு அங்குலம் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னுக்குத் தள்ளுங்கள். குறுக்குக்கோடு நேர்மேலாக ஏறி நேர்கீழாக இறங்கினால் நல்லது. பக்கவாட்டில் நழுவினால், முன்தாங்கியும் பின்பையும் ஒரே கோட்டில் இல்லை. பையை நகர்த்துங்கள், இலக்கோடு சேர்த்து மூன்றும் ஒரே கோட்டில் வரட்டும். பக்கத்து அணைப்புகள் ரைஃபிளின் முன்கட்டையை நெரிக்கக்கூடாது, ஆடவும் விடக்கூடாது. வார்ப்பட்டை மாட்டும் குமிழ் துருத்திக்கொண்டிருந்தால் அது பையின் ஓரத்தில் இடறும். கழற்றிவிடுங்கள். குழல் தாங்கியின் எந்த இடத்தையும் தொடக்கூடாது.

புதுப்பையின் தோல் முதலில் கொஞ்சம் பிடிக்கும். முகப்பவுடர் தூவித் தேய்த்தால் வழவழப்பாகும். உலகப் போட்டிகளுக்குப் போகிறவர்களின் பெட்டியில்கூடப் பவுடர் டப்பா இருக்கும்.

✦

முன்னால் இருக்கும் ‘ஸ்டாப்’ என்ற தடுப்பு, சுட்டபின் ரைஃபிளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு மட்டும்தான். சுடும்போது முன்கட்டை அதில் அழுந்தியிருந்தால் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும். தொட்டுவிட்டு ஒரு மயிரிழை பின்வாங்குகிறவர்களே அதிகம்.

✦

பைக்குள் என்ன மணல் போடுகிறார்கள் தெரியுமா? சாதாரண ஆற்றுமணல் என்பது குவார்ட்ஸ், அடர்த்தி எண் 2.65. அதைவிடக் கனமான மணல் இருந்தால் பை அசையாமல் உட்காரும். அதனால் ‘ஹெவி சாண்ட்’ என்ற பெயரில் சிர்க்கான், குரோமைட் போன்ற கனிம மணல்கள் விற்பனைக்கு வருகின்றன. சிர்க்கானின் அடர்த்தி எண் சுமார் 4.6. அதே பை, அதே அளவு, எடை மட்டும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு.

அந்தச் சிர்க்கானை நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை தானாகவே ஒதுக்கித் தருகிறது. கூடவே இல்மனைட், ரூட்டைல், கார்னெட், மோனசைட். 1909இல் திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஆராய்ந்தபோதுதான் இந்தக் கரையின் செல்வம் வெளியுலகுக்குத் தெரிந்தது. இன்று அங்கே மணலைப் பிரித்தெடுப்பது மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். கன்னியாகுமரிக்குச் சுற்றுலா போனவர்கள் பொட்டலம் கட்டி வாங்கிவரும் வண்ண மணலில் சிவப்பாக மின்னுவது கார்னெட், கருப்பு இல்மனைட். ஒரு பொட்டலம் கையிலிருந்தால் அதே அளவு ஆற்றுமணலை மறு கையில் ஏந்திப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

✦

முன்தாங்கியில் எத்தனை திருகாணி வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் எஃப்-கிளாஸில் பின்பக்கம் வெறும் மணல் பைதான். ஏற்றி இறக்கும் எந்திர அமைப்பு கூடாது. முன்தாங்கியையும் பின்பையையும் ஒன்றோடொன்று இணைக்கவும் கூடாது. முயல் காது போல இரண்டு மடல் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பையை இடக்கையால் லேசாகப் பிசைந்தே கடைசி நூலளவு உயரத்தைச் சரிசெய்வார்கள். இவ்வளவு உலோக வேலைப்பாடு செய்தும் முடிவு விரல்நுனியில்தான் நிற்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

✦

உயரத்துக்கு ஒரு சக்கரம், பக்கவாட்டுக்கு ஒரு திருகு. பழைய ரெஸ்ட்டுகள் அப்படித்தான். இப்போது பலர் விரும்புவது ‘கோ-ஆக்ஸியல்’ வகை. நீண்ட குச்சி ஒன்று சுடுபவரின் கைப்பக்கம் நீண்டிருக்கும். அதை எந்தப் பக்கம் அசைத்தாலும் ரைஃபிள் ஒரே அசைவில் அந்த இடத்துக்குப் போகும். இந்த வகையில் உலகப் பெயர் பெற்றவர்களில் ஒருவர் இந்தோனேசியாவின் செபாஸ்டியன் லம்பாங். அவருடைய ‘செப்’ ரெஸ்ட்டுகளும், டி.ஆர். பிரிவுக்கான ‘ஜாய்-பாட்’ என்ற அகன்ற பைபாடும் அமெரிக்கக் களங்களிலும் ஆஸ்திரேலியக் களங்களிலும் சகஜம். நம் அண்டைக் கடல் தாண்டி ஆசியாவில் பிறந்த கருவி அது.

குச்சியின் அருமை, மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் பென்ச்ரெஸ்ட் போட்டியில் தெரியும். ஏர் ரைஃபிள், ரிம்ஃபயர் பிரிவுகளில் ஒரே அட்டையில் 25 சிறு இலக்குகள், இலக்குக்கு ஒரு குண்டு, மொத்தம் 250 புள்ளி. ஒவ்வொரு குண்டுக்கும் ரைஃபிளை நகர்த்தியே ஆகவேண்டும். காற்று ஒருகணம் ஓயும்போது திருகாணியோடு போராடிக்கொண்டிருந்தால் வாய்ப்பு போய்விடும்.

✦

1901 மே 16: அமெரிக்காவின் கொலராடோவில் சி. டபிள்யூ. ரோலண்ட், ஹாரி போப் செய்த பேரலைத் தாங்கியில் வைத்து, 200 கஜத்தில் பத்துக் குண்டுகளை 0.725 அங்குலத்துக்குள் அடக்கினார். அத்தனையும் ஈயக்குண்டுகள்.

1973: மேக் மெக்மில்லன் 100 கஜத்தில் ஐந்து குண்டுகளை 0.009 அங்குலக் ‘குழு’வாக, அதாவது ஒரே கொத்தாக, சுட்டார். பார்வைக்கு ஒரே ஓட்டை. அந்தச் சாதனை முறியடிக்கப்பட்டது 2013இல்தான்.

✦

மருத்துவர் ஒருவர் தம் சொந்தச் செலவில் சுடுகளம் அமைத்துப் பல்லாண்டு குண்டுகளின் பாதையை ஆராய்ந்தார். அவர் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் மான். கட்டையே இல்லாமல், குழலை மட்டும் ‘வி’ வடிவப் பள்ளத்தில் கிடத்திச் சுடும் அமைப்பு அவருடையது. அதைத் தாங்கக் கட்டிய கான்கிரீட் தூணுக்கு ‘ஷூட்டிங் ஜிப்ரால்டர்’ என்று பெயரே வைத்தார். ஆராய்ச்சி முழுவதும் 1909இல் நூலாக வந்தது.

✦

ஒலிம்பிக் ரைஃபிள் பிரிவுகளில் தாங்கிக்கு இடமில்லை. படுத்தும் மண்டியிட்டும் சுடும்போது வார்ப்பட்டை உண்டு, அவ்வளவுதான். பாராலிம்பிக்கில் எஸ்.எச்.2 பிரிவு வேறு. கையால் ரைஃபிளின் எடையைத் தாங்க இயலாத வீரர்கள் அவர்கள். சுருள்வில் பொருத்திய ஒரு கம்பத்தின்மேல் ரைஃபிளை வைத்துக்கொள்ளலாம். வில் ஆடும், எடையை மட்டுமே ஏந்தும், குறியை நிலைநிறுத்தாது. அதை அடக்கிப் பத்து எடுப்பது அவர்களுடைய மூச்சும் பொறுமையும். தாங்கிகளிலேயே நான் மிக மதிப்பது அந்தச் சுருள்வில்லைத்தான்.

✦

புது ரெஸ்ட்டைச் சுட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஐந்து குண்டு சிறிய வட்டத்தில் விழுந்ததும் புதுசு வென்றது என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, ஒரே கை. அப்படியிருந்தும் ஒரு குழு அடுத்த குழுவைவிட இரண்டு மடங்கு விரியும். அது இயல்பு. அதனால் பழசில் ஒரு குழு, புதுசில் ஒரு குழு என்று மாற்றி மாற்றி, ஒரே நாளில், பேரலை ஆறவிட்டு ஆறவிட்டுச் சுடுங்கள். குழுவின் மொத்த அகலத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். பக்கவாட்டுச் சிதறலில் காற்றுக்குப் பெரும்பங்கு. மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று நல்ல 7 மி.மீ. குண்டையே 1000 கஜத்தில் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். எந்த ரெஸ்ட்டாலும் அதைத் தடுக்க முடியாது. மேலும் கீழுமான சிதறலில்தான் தாங்கி தன் குறையைக் காட்டிக்கொடுக்கும். தோட்டாவின் வேக வேறுபாடும் அதில் கலந்திருக்கும் என்பதால், முதலில் 100 கஜத்தில் சோதியுங்கள். அங்கே வேக வேறுபாட்டின் பங்கு மிகச் சொற்பம். அங்கும் உயரம் அடங்கவில்லையானால் பையின் மணலைக் கெட்டியாக நிரப்பி, கால்களை மறுபடி ஊன்றி, அப்புறம் சுடுங்கள்.