இரு குன்றுகளின் தீவு

கிரேக்க நாட்டிற்குச் சுற்றுலா செல்வோர் ஏதென்ஸ் நகரின் பழந்தூண்களையும் சான்டோரினித் தீவின் வெள்ளை வீடுகளையும் கண்டவுடன் நிறைவடைந்து திரும்பிவிடுகின்றனர். கத்தோலிக்கக் குடும்பத்தினராகிய நாம் காணவேண்டிய தீவு வேறொன்று உண்டு. அதுவே ஏஜியன் கடலிலுள்ள சீரோஸ். ஏதென்சின் துறைமுகமாகிய பிரேயுசில் கப்பலேறினால் சில மணி நேரத்தில் அதனை அடையலாம்.

கப்பல் கரையை நெருங்கும்போதே இரு குன்றுகள் கண்ணிற்படும். இடப்புறக் குன்றின் உச்சியில் கத்தோலிக்கரின் புனித ஜார்ஜியார் பேராலயம். வலப்புறக் குன்றின்மேல் ஆர்த்தடாக்ஸ் சபையாரின் உயிர்த்த ஆண்டவர் ஆலயம். கீழைத் திருச்சபையும் மேலைத் திருச்சபையும் பிரிந்த கதையை ஏட்டில் படித்திருக்கிறோம். இங்கே அதனைக் கண்ணாலேயே காண்கிறோம்.

முதலில் இடப்புறக் குன்றில் ஏறுவோம். ஆனோ சீரோஸ், அதாவது மேல் சீரோஸ், 13-ம் நூற்றாண்டில் வெனிஸ் நாட்டவர் ஆட்சியில் எழுந்த ஊர். கடற்கொள்ளையருக்கு அஞ்சி வீடுகளை நெருக்கமாகக் கட்டி, வெளிப்புற வீடுகளின் சுவர்களையே கோட்டை மதிலாக ஆக்கிக்கொண்டனர். தெருக்கள் யாவும் குறுகிய படிக்கட்டுகள். மோட்டார் வண்டி நுழைய இயலாது. முழங்கால் வலியுடையோர் மெல்ல ஏறுவது நலம்! 1617-ம் ஆண்டு துருக்கியக் கடற்படையினர் இவ்வூரைத் தாக்கி, ஆயர் அந்திரேயாஸ் கார்காவைத் தூக்கிலிட்டனர். பேராலயத்தின் வாயிலில் நிற்கும் எவருக்கும் அந்த ஆயரின் நினைவு வராமற்போகாது. அருகே 1635-ல் வந்த கப்பூச்சின் துறவிகளின் மடமும், பின்னர் வந்த சேசு சபையாரின் மடமும் உள்ளன. கிரேக்க மக்கள் பெரிதும் போற்றும் பாடலாசிரியர் மார்க்கோஸ் வம்வகாரிஸ் 1905-ல் பிறந்ததும் இவ்வூரில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திலேதான்.

இனிக் கீழே இறங்குவோம். 1821-ல் கிரேக்க விடுதலைப் போர் மூண்டபோது, பிரெஞ்சுப் பாதுகாப்பிலிருந்த சீரோஸ் கத்தோலிக்கர் போரில் சேரவில்லை. அதனாலேயே தீவு அழிவுக்குத் தப்பியது. 1822-ல் கியோஸ் தீவிலும் 1824-ல் சாராத் தீவிலும் படுகொலைகள் நிகழவே, உயிர்தப்பிய ஆர்த்தடாக்ஸ் மக்கள் இங்கே வந்து குவிந்தனர். பழங்குடிகளுக்கும் புதியவர்க்குமிடையே உரசல் இல்லாமலில்லை. எனினும் அகதிகள் கடற்கரையில் எழுப்பிய எர்மூப்பொலி, சில ஆண்டுகளிலேயே கிரேக்க நாட்டின் முதன்மைத் துறைமுகமாயிற்று. சலவைக்கல் பாவிய சதுக்கமும், நகரமன்ற மாளிகையும், 1864-ல் திறக்கப்பட்ட அப்பொல்லோ நாடக அரங்கும் அச்செல்வத்தின் சாட்சிகள்.

இவற்றைவிட நாம் பெரிதாய்க் கருதுவது, சாராத் தீவினர் கட்டிய மரியன்னையின் துயில் ஆலயத்திலுள்ள சிறிய படம். அதில் எல் கிரேக்கோ என்னும் ஓவியரின் கையெழுத்து இருப்பது 1983-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது! கிரீட் தீவில் கீழை மரபுப்படி இப்படத்தை வரைந்த அதே கைதான் பின்னர் ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ பேராலயத்திற்கும் வரைந்தது.

சீரோசின் இரு சபையாரும் இன்று பாஸ்காவை ஒரே நாளில் கொண்டாடுகின்றனர். 2024-ல் உரோமையில் மார்ச் 31 அன்று உயிர்ப்புப் பெருவிழா நடந்தது. சீரோஸ் கத்தோலிக்கரோ தம் பிரிந்த சகோதரருக்காகக் காத்திருந்து மே 5 அன்று கொண்டாடினர். பெரிய வெள்ளி இரவில் மேலூரிலும் கீழூரிலும் ஆண்டவரின் அடக்கப் பவனி ஒருங்கே புறப்படும். ஆதலின் அவ்வாரத்தில் அங்குச் செல்ல எண்ணுவோர் நம் வீட்டு நாட்காட்டியைப் பார்த்துப் பயணச்சீட்டு வாங்கலாகாது. 2027-ல் நமக்குப் பாஸ்கா மார்ச் 28; சீரோசில் மே 2.